பற்றுச்சீட்டு எங்கே? விக்கிப்பீடியாவும் ஏஐ எழுத்துக்கான விதிகளும்

அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கூடி விக்கிப்பீடியாவில் எழுதப் பழகுவோம். போன மாதம் அங்கே ஒரு பிள்ளை வந்தார். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர். போனை நீட்டி, "சேர், எங்கட ஊரைப் பற்றி எழுதி வச்சிருக்கன். இதை விக்கிப்பீடியாவில சேர்க்கலாமா? ஏஐ எழுதினதைப் போட்டா அக்கவுண்டையே தூக்கிருவாங்களாம், உண்மையா?" என்று கேட்டார்.

வாங்கி வாசித்தேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. கடற்கரை, வயல், சுவாமி விபுலாநந்தர், கண்ணகி அம்மன் கோயில் எல்லாம் வந்திருந்தன. நாலாவது பத்தியில், "ஈழத்துச் சிதம்பரம் எனப் போற்றப்படும் சிவன் கோயில் இவ்வூரின் ஆன்மீக அடையாளமாகத் திகழ்கிறது" என்று ஒரு வரி. ஈழத்துச் சிதம்பரம் இருப்பது யாழ்ப்பாணத்துக் காரைநகரில். காரைநகரின் பழைய பெயரும் காரைதீவுதான். இரண்டு காரைதீவும் ஏஐயின் வயிற்றுக்குள் போய் ஒன்றாகிவிட்டன.

"மகள், இந்தச் சிவன் கோயில் எந்தத் தெருவில இருக்கு?" என்றேன். பிள்ளை திரும்ப வாசித்துவிட்டுச் சிரித்துவிட்டார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அந்தக் கட்டுரையை அதற்கு முன் இரண்டு தடவை வாசித்தும் இருக்கிறார். ஊரில் இல்லாத கோயில் கண்ணில் படவில்லை. வாசிப்பு அவ்வளவு வழுக்கிக்கொண்டு போகிறது.

ஏஐயும் விக்கிப்பீடியாவும் பற்றி ஊரில் உலவும் கதைகள் பல. விக்கிப்பீடியா ஏஐயை அடியோடு தடை செய்துவிட்டது என்பார் ஒருவர். இனி விக்கிப்பீடியாவையே ஏஐதான் எழுதப்போகிறது என்பார் இன்னொருவர். அமெரிக்காவில் ஒரு தலைமை அலுவலகம் இருந்து விதி போடுகிறது, ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்க அவர்களிடம் ஒரு மென்பொருள் இருக்கிறது என்றும் சொல்வார்கள். எல்லாமே பிழை, அல்லது பாதிதான் சரி. அடியிலிருந்து பார்ப்போம்.

கூத்தர் வரி மறந்தால்

மட்டக்களப்புப் பக்கம் வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ விடிய விடியப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. மாதக்கணக்காகப் பழகிக் களரிக்கு வந்த கூத்தர் ஒருவர் நடுச்சாமத்தில் ஒரு வரியை மறந்துவிடுவார். மத்தளம் நிற்காது. தாளமும் நிற்காது. அவரும் நிற்க மாட்டார். மெட்டுக்குப் பொருந்துகிற, ஓசை தட்டாத ஏதோ நாலு சொல்லைப் போட்டு நிரப்பிக்கொண்டு அடுத்த அடிக்குப் போய்விடுவார். பார்த்துக்கொண்டிருக்கும் சனத்துக்கு ஒன்றும் தெரியாது. கொப்பி பார்த்துக்கொண்டு நிற்கும், கூத்துப் பழக்கிய அண்ணாவியாருக்கு மட்டும் அந்த வரி கொப்பியில் இல்லை என்பது தெரியும்.

ஏஐ எழுதுவதும் ஏறக்குறைய இப்படித்தான். நாம் ஏஐ என்று பொதுவாகச் சொல்லும் சாட்ஜிபிடி போன்றவற்றின் உள்ளே இருப்பது "பெரிய மொழி மாதிரி" என்ற ஒன்று. மலை மலையாக எழுத்துகளை ஊட்டி, இதுவரை வந்த சொற்களுக்குப் பின்னால் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழக்கிய மென்பொருளுக்குத்தான் அந்தப் பெயர். அது ஒவ்வொரு சொல்லாக, சரியாகச் சொன்னால் சொல்லின் ஒவ்வொரு துண்டாக, கணித்துக் கணித்து வாக்கியத்தைக் கோத்துக்கொண்டு போகிறது. அலுமாரியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்து எழுதுவதில்லை.

மட்டக்களப்பு நகரில் வாவிக் கரையில் நிற்கும் கோட்டையை எடுங்கள். சனம் அதை ஒல்லாந்தர் கோட்டை என்கிறது. ஆனால் அதைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர், 1628இல். ஒல்லாந்தர் பத்து வருடம் கழித்து, 1638இல் பிடித்தார்கள். "ஒல்லாந்தர் கோட்டையைக் கட்டியவர்கள்" என்று தொடங்கும் வாக்கியத்துக்கு அடுத்துப் பொருத்தமாகத் தோன்றும் சொல் எது? ஒல்லாந்தர்தான். பொருத்தத்தை மட்டும் பார்த்து எழுதினால் அந்தக் குழிக்குள் விழுவது சுலபம். எழுதப்பட்டது நிறைய இருக்கும் விஷயத்தில், கொழும்பைப் பற்றியோ இரண்டாம் உலகப் போரைப் பற்றியோ, பொருத்தமான சொல்லும் சரியான சொல்லும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். எழுத்து மெலிந்த இடத்தில்தான் இரண்டும் பிரியும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் ஒரு சின்னக் கிராமத்தைப் பற்றி இணையத்தில் எத்தனை பக்கம் கிடக்கும்? நாங்கள் வயல்வெளியை வட்டை என்போம். அந்தச் சொல்லை எத்தனை பேர் இணையத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்? கொப்பியில் பக்கங்கள் காணாத இடமெல்லாம் கூத்தர் சொந்தமாகப் பாட வேண்டியதுதான்.

இப்படி இல்லாததை இருப்பதுபோல் எழுதுவதற்குத் துறைக்காரர் மாயத்தோற்றம் என்று பொருள்படும் ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். எனக்கு இட்டுக்கட்டல் என்ற நம்முடைய சொல்லே போதும். கூத்தருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தான் வரியை மறந்தது கூத்தருக்குத் தெரியும். மொழி மாதிரிக்கு, ஏட்டில் இருந்த வரியும் நிரப்பிய வரியும் ஒரே வேலையின் விளைவு. அதனால்தான் இரண்டையும் ஒரே குரலில் சொல்கிறது.

இப்போது வரும் கருவிகள் இணையத்தில் தேடிப் பார்த்தும் எழுதுகின்றனவே என்று கேட்கலாம். உண்மை, பிழை குறையும். ஆனால் தேடி எடுத்த பக்கம் ஒன்றும் அதற்குக் கீழே எழுதிய வாக்கியம் இன்னொன்றுமாக நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: மொழி மாதிரி வாக்கியத்தைக் கணிக்கிறது. நன்றாக எழுதப்பட்ட வாக்கியம் என்பது அது உண்மை என்பதற்குச் சாட்சி ஆகாது. எழுத்து குறைவாக உள்ள மொழியிலும் ஊரிலும் இட்டுக்கட்டல் கூடும்.

கோயில் கணக்கு

சரி, இப்போது விக்கிப்பீடியா பக்கம் வருவோம். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று 2001 ஜனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கிய கலைக்களஞ்சியம் அது. தமிழில் 2003இல் தொடங்கியது. இன்று தமிழில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. எழுதியவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாதவர்கள். அப்படியானால் அதை எப்படி நம்புவது?

கோயில் திருவிழா முடிந்து கணக்குக் கூட்டம் நடக்கும். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் நல்ல மனிதர், ஒரு சதம் எடுக்க மாட்டார், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் "பந்தலுக்கு இவ்வளவு" என்று அவர் வாசித்தவுடன் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "பற்றுச்சீட்டு இருக்கா?" அவரும் கோபிக்காமல் எடுத்துக் காட்டுவார். கூட்டத்துக்கு வந்தவர் எவரும் அந்தச் சீட்டோடு கடைக்குப் போய்க் கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் யாரும் போவதில்லை. ஆனால் போக முடியும்.

விக்கிப்பீடியாவும் இந்தப் பற்றுச்சீட்டின் மேல்தான் நிற்கிறது. அங்கே இதை மெய்யறிதன்மை என்கிறார்கள். எழுதியிருப்பதை வாசகர் வேறொரு நம்பகமான நூலிலோ செய்தித்தாளிலோ போய்ச் சரிபார்க்க முடிய வேண்டும் என்பது அதன் பொருள். வரியின் கடைசியில் சின்ன எண்ணாக நிற்கும் மேற்கோள்தான் சீட்டு. "எனக்குத் தெரியும்" என்பது அங்கே செல்லாது, பேராசிரியர் சொன்னாலும்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு திருத்தமும் யார், எப்போது செய்தார் என்ற பதிவோடு வரலாற்றுப் பக்கத்தில் கிடக்கும். ஒரு வரியில் சந்தேகம் வந்தால் எழுதியவரின் உரையாடல் பக்கத்துக்குப் போய் "இது எங்கிருந்து?" என்று கேட்கலாம். அவர் "இன்ன புத்தகம், இன்ன பக்கம்" என்பார், அல்லது "பிழைதான், எடுத்துவிடுகிறேன்" என்பார். ஏஐ எழுதியதை அப்படியே ஒட்டியவரிடம் கேட்டால்? "அது தந்தது" என்பதைத் தவிர அவரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாத வரி அது.

விபுலாநந்தரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1892இல் காரைதீவில் பிறந்தார். பழைய நூல்கள் அந்த ஊரை மட்டக்களப்பு மாவட்டம் என்கும், புதியவை அம்பாறை மாவட்டம் என்கும். இரண்டும் சரி. அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது 1961இல். இரண்டு நூலையும் கையில் வைத்துக்கொண்டு எழுதுபவர் இந்த முரணைக் கண்டு நின்று, தேடி, ஒரு வரி விளக்கம் சேர்ப்பார். மொழி மாதிரி நிற்பதில்லை. ஒரு நாள் ஒன்றைச் சொல்லும், மறுநாள் மற்றதைச் சொல்லும்.

கடையே இல்லாத பற்றுச்சீட்டு

பிழையான தகவல் பழைய பிரச்சினை. மனிதர்களும் பிழையாகத்தான் எழுதுகிறோம். ஏஐ கொண்டுவந்த புதுச்சரக்கு, பிழைக்குப் பக்கத்திலேயே அச்சடித்ததுபோல் ஒரு பற்றுச்சீட்டையும் வைத்துத் தருவது. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் எல்லாம் இருக்கும். நூல் மட்டும் இருக்காது.

அந்தப் பிள்ளையின் கட்டுரைக்குக் கீழே ஐந்து மேற்கோள்கள் இருந்தன. ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு இரண்டு பேருமாகச் சரிபார்க்க உட்கார்ந்தோம். முதலில் நூலகம் இணையத்தளத்தில் தேடினோம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கி 2005இலிருந்து இலவசமாக வாசிக்கத் தரும் தளம் அது. பிறகு பொது நூலகப் பட்டியல், பிறகு நூல் தெரிந்த இரண்டு ஆசிரியர்களுக்குத் தொலைபேசி. ஐந்தில் மூன்று நூல்கள் எங்கும் இல்லை. ஒன்றின் ஐஎஸ்பிஎன் எண்ணே பொய். நூலின் பின்னட்டையில் பட்டைக் குறியோடு அச்சாகும் 13 இலக்க எண் அது. முதல் 12 இலக்கங்களை ஒரு சின்னக் கணக்கில் போட்டால் கடைசி இலக்கம் வர வேண்டும். வரவில்லை. மீதி இரண்டும் உண்மையான நூல்கள். அவற்றில் ஒன்று காரைதீவைப் பற்றியதே இல்லை.

ஆக, ஐந்தில் தேறியது ஒன்று. எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் போய்விட்டது. கட்டுரையை ஏஐ எழுத எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்டேன். "ஒரு நிமிசம்கூட இல்ல சேர்."

விதிகள் ஏன் வந்தன என்று என்னிடம் கேட்டால் நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். மேல் வாய்க்காலில் ஒருவர் குப்பையைக் கொட்ட ஒரு நொடி போதும். கடைசி வயல்காரர் நாள் முழுக்க வாரிக்கொண்டிருப்பார். முன்பெல்லாம் பொய்க் கட்டுரை எழுதவும் ஒருவருக்கு ஒரு பின்னேரமாவது வேண்டும். அந்தச் சிரமமே ஒரு வேலியாக இருந்தது. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30இல் வெளிவந்த பிறகு அந்த வேலி விழுந்துவிட்டது. சரிபார்ப்பவர்களின் நாளுக்கு மட்டும் அதே இருபத்துநாலு மணித்தியாலம்தான். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிதாக உருவான கட்டுரைகளில் 5 சதவீதம் அளவிலானவற்றில் ஏஐ எழுத்து கணிசமாக இருந்தது என்பது அவர்கள் கணிப்பு. நூற்றுக்கு ஐந்து சின்ன எண் மாதிரித் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணித்தியாலம் என்று பெருக்கிப் பாருங்கள்.

விதியை யார் போடுகிறார்கள்?

விக்கிப்பீடியாவின் கணினிகளையும் பணத்தையும் பார்த்துக்கொள்வது விக்கிமீடியா அறக்கட்டளை என்ற அமெரிக்க நிறுவனம். கட்டுரையில் என்ன இருக்கலாம், என்ன கூடாது என்ற விதிகளை அவர்கள் எழுதுவதில்லை. அதை அந்தந்த மொழியில் எழுதுகிற பயனர்கள்தான் பேசித் தீர்மானிக்கிறார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவின் விதி தமிழுக்குத் தானாக வராது. சிங்களத்துக்கும் வராது.

தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுவான பேச்சு நடக்கும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்த பெயர். அங்கே ஒருவர் முன்மொழிவார், மற்றவர்கள் ஆதரிப்பார்கள், மறுப்பார்கள், கோபிப்பார்கள், திருத்தம் சொல்வார்கள். இப்படிக் காரணங்களை வைத்துப் பேசிப் பேசி, மறுத்தவரும் "சரி, அப்படியே போகட்டும்" என்று விடுகிற இடத்துக்கு வருவதுதான் இணக்க முடிவு. கை தூக்கி எண்ணுவதை விட மெதுவானது, சில வேளை எரிச்சலூட்டுவது.

எவ்வளவு மெதுவானது என்பதற்கு ஆங்கில விக்கிப்பீடியாவே உதாரணம். 2023இல் மொழி மாதிரிகளுக்கு ஒரு முழுமையான கொள்கை கொண்டுவர அங்கே முயன்றார்கள். கைகூடவில்லை. முழுத் தடை கேட்டவர்களுக்கு அந்த வரைவு தளர்வு, கருவிதானே என்றவர்களுக்கு அது இறுக்கம். எல்லாவற்றையும் ஒரே பாயில் சுருட்டப் போனால் இப்படித்தான். அதற்குப் பிறகு துண்டு துண்டாகப் போனார்கள். 2023 டிசம்பரில் ஏஐ எழுத்தைத் தேடித் துப்புரவு செய்யத் தன்னார்வலர் அணி ஒன்று உருவானது. 2025 ஆகஸ்டில் ஒரு விரைவு நீக்கல் விதி வந்தது. வழமையாக ஒரு கட்டுரையை நீக்க ஒரு கிழமை அளவில் விவாதம் நடக்கும். விரைவு நீக்கலில் விவாதம் இல்லாமலே நிர்வாகி எடுத்துவிடலாம். அதே ஆண்டு நவம்பரில், புதிய கட்டுரையை அடியிலிருந்து எழுத மொழி மாதிரிகளைப் பயன்படுத்தக் கூடாது என்ற வழிகாட்டுதல் ஏற்கப்பட்டது.

இதற்கிடையில் 2025 ஜூனில் அறக்கட்டளையே கட்டுரைகளின் உச்சியில் ஏஐ எழுதிய சுருக்கம் காட்டிப் பார்க்க ஒரு சோதனை தொடங்கியது. பயனர்கள் கொதித்தெழுந்தார்கள். சோதனையை நிறுத்தி வைத்தார்கள். தலைமை அலுவலகம் விதி போடுகிறது என்று சொல்பவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

அந்த விரைவு நீக்கல் விதியில் கொஞ்சம் நிற்க வேண்டும். "ஏஐ எழுதியது போல இருந்தால் நீக்கு" என்று அது சொல்லவில்லை. மனிதர் திரும்பிப் பார்க்காமல் ஒட்டியது என்பதற்கு வெளியே தெரிகிற தடயம் இருக்க வேண்டும் என்கிறது. "நீங்கள் கேட்ட கட்டுரை இதோ" என்று ஏஐ பயனருக்குச் சொன்ன பேச்சே கட்டுரையில் கிடப்பது ஒன்று. உலகத்தில் இல்லாத நூல், செல்லாத ஐஎஸ்பிஎன் போன்ற மேற்கோள்கள் இன்னொன்று. விஷயத்துக்குச் சம்பந்தமே இல்லாத மேற்கோள் மற்றொன்று. மூன்றையும் எவரும் போய்ச் சோதித்துப் பார்க்கலாம். எழுதியவரின் மனதுக்குள் புகுந்து பார்க்கத் தேவையில்லை.

திரும்பச் சொன்னால்: விதிகளை ஒவ்வொரு மொழியின் பயனர்களும் பேசி முடிவெடுக்கிறார்கள். ஒரே பெரிய விதி நிற்கவில்லை, சின்னச் சின்ன விதிகள் நின்றன. அவையும் இன்னும் நகர்ந்துகொண்டிருப்பவை.

கண்டுபிடிக்கும் மென்பொருள் என்ன ஆயிற்று?

ஏஐ எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. அவற்றின் விடை "இத்தனை சதவீதம் ஏஐ" என்று வரும், சாத்திரக்காரர் பொருத்தம் சொல்வதுபோல். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே இப்படி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்ப எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளை இம்மென்பொருள்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை ஏஐ எழுதியது என்று அவை சொல்லின. பிரின்ஸ்டன் மதிப்பீடும் இத்தகைய கருவிகளை வைத்துச் செய்ததுதான். ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் பொதுப் போக்கைக் குத்துமதிப்பாகச் சொல்ல அவை உதவலாம். ஒரு பிள்ளையின் ஒரு கட்டுரையைப் பிடித்துத் தீர்ப்புச் சொல்ல உதவாது. தமிழில் நான் இன்னும் சந்தேகத்தோடு பார்ப்பேன்.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதா? கொஞ்சம் முடியும். சொற்களின் இரு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரக் குறிகள் ஒட்டியிருக்கும். ஏஐ தடித்த எழுத்துக்கு அந்தக் குறியைப் போடும், விக்கிப்பீடியாவில் அதற்கு மூன்று ஒற்றை மேற்கோள் குறிகள். சில இணைப்புகளின் வாலில் சாட்ஜிபிடியின் பெயரே தொங்கும். அப்புறம் நடை. எல்லாமே "திகழ்கிறது", "பறைசாற்றுகிறது", "முக்கியப் பங்கு வகிக்கிறது". குளம் திகழும், பாலம் திகழும், கச்சேரி திகழும்.

ஆனால் இந்த நடையை வைத்து ஒருவரைக் குற்றம் சாட்ட எனக்கு வாய் வராது. எங்கள் ஊர்க் கும்பாபிஷேக மலர் எதையாவது விரித்துப் பாருங்கள், ஏஐ பிறப்பதற்கு முன் அச்சானதை. முதல் பக்கத்திலிருந்தே எல்லாம் திகழ்ந்துகொண்டுதான் இருக்கும். ஏஐ அந்த நடையை நம்மிடமிருந்துதானே கற்றது? நடை சந்தேகத்தைத் தரும், அவ்வளவுதான். தீர்ப்புக்கு மேற்கோளைத் திறந்து பார்க்க வேண்டும்.

சின்ன மொழிக்கு ஏன் இரட்டை அடி

ஆங்கிலத்தில் ஒரு பொய்க் கட்டுரையைப் பிடிக்க ஆயிரக்கணக்கான கண்கள் உண்டு. தமிழில் மாதாமாதம் உண்மையாக உழைப்பவர்கள் சில நூறு பேர். அதைவிடச் சின்ன மொழிகளின் கதை இன்னும் மோசம்.

2020இல் ஸ்கொட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் ஒரு விஷயம் வெளிவந்தது. ஸ்கொட்லாந்தில் பேசும் மொழி அது. அதன் கட்டுரைகளில் ஏறக்குறைய மூன்றிலொன்றை, இருபதாயிரத்துக்கு மேல், அந்த மொழியே சரியாகத் தெரியாத ஓர் அமெரிக்கப் பையன் வருடக்கணக்காக எழுதியிருந்தான். ஏஐ இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. தட்டிக் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். கிறீன்லாந்து மொழி விக்கிப்பீடியாவின் முடிவு இன்னும் சோகம். அங்கே எழுத வந்த தாய்மொழிக்காரர் கிட்டத்தட்ட யாரும் இல்லாமல், இயந்திர மொழிபெயர்ப்பும் ஏஐ எழுத்தும் நிறைந்துபோய், 2025இல் அதை மூடுவதென்றே முடிவெடுத்தார்கள்.

இதில் ஒரு சுழலும் இருக்கிறது. மொழி மாதிரிகளுக்கு ஊட்டும் எழுத்தில் விக்கிப்பீடியாவும் அடக்கம். சின்ன மொழி என்றால் இணையத்தில் கிடைக்கும் எழுத்தில் பெரும்பங்கே அதுவாக இருக்கலாம். காலையில் சந்தியில் நான் விட்ட புளுகு பின்னேரம் சந்தைப் பக்கமிருந்து எனக்கே புதினமாகத் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். இப்போது இரண்டு பேர் சொல்வதால் அது உண்மை! காரைதீவில் ஈழத்துச் சிதம்பரம் என்ற வரி விக்கிப்பீடியாவில் ஏறியிருந்தால், அடுத்த மொழி மாதிரி அதை வாசித்திருக்கும். அடுத்த பிள்ளைக்கு மேற்கோளோடு சொல்லியிருக்கும்.

தமிழுக்கு இந்தச் சண்டை முற்றிலும் புதிதில்லை. 2009, 2010 காலத்தில் கூகுள், மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கூலி கொடுத்து, தன் இயந்திர மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் கொண்டுவந்து சேர்த்தது. எண்ணிக்கை ஏறியது. வாசித்தால் தமிழ் மாதிரி இருந்த ஒன்று. வங்காளப் பயனர்கள் அந்தக் கட்டுரைகள் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். தமிழ்ப் பயனர்கள் பேச உட்கார்ந்தார்கள்: போட்டதை முதலில் திருத்துங்கள், எந்தத் தலைப்பு என்று எங்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், பிழை சுட்டினால் பதில் சொல்லுங்கள். இயந்திரத்தின் பெயர் மாறிவிட்டது. கேட்க வேண்டியவை இன்றும் அவையேதான் என்பது என் எண்ணம்.

அப்படியென்றால் தொடவே கூடாதா?

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சந்திப்பிழை பார்க்கச் சொல்லலாம். தலைப்புக்கு என்னென்ன தேட வேண்டும் என்று கேட்கலாம். இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவர் மொழிபெயர்ப்பின் முதல் வரைவுக்குப் பயன்படுத்தி, வரி வரியாகத் திருத்தலாம். இவற்றிலெல்லாம் தகவலுக்குப் பொறுப்பு மனிதரிடமே நிற்கிறது. தகவலையே அதனிடம் கேட்டு, தந்ததை மேற்கோளோடு ஒட்டுவதில்தான் சிக்கல்.

தமிழுக்கு விதி எழுத என்னை உட்காரச் சொன்னால் மூன்று வரி எழுதுவேன். முழுக் கட்டுரையை ஏஐயிடம் எழுதி வாங்கிப் போடாதே. எந்த வேலைக்குப் பயன்படுத்தினாலும், திருத்தத்தைச் சேமிக்கும்போது எழுதும் திருத்தச் சுருக்கத்தில் அதைச் சொல். நீயே திறந்து பார்க்காத மேற்கோளைப் போடாதே. முதல் வரியை அமுலாக்குவது கடினம், யார் கண்டார்கள்? மூன்றாவது வரியை அமுலாக்கலாம். "அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேட்டால் போதும். புதியவர்களை முதல் தடவையிலேயே தண்டிக்கும் விதி மட்டும் வேண்டாம். அந்தப் பிள்ளை பொய் சொல்ல வரவில்லை. ஊரைப் பற்றி நாலு வரி அழகாக இருக்கட்டும் என்று வந்தவர்.

அக்கவுண்டைத் தூக்குவார்களா என்ற அவருடைய கேள்விக்குப் பதில்: ஒரு தடவைக்குத் தூக்குவதை நான் பார்த்ததில்லை. கட்டுரையை எடுத்துவிட்டு உரையாடல் பக்கத்தில் எழுதுவார்கள். சொல்லச் சொல்லத் திரும்பத் திரும்பப் போட்டால் தடை வரும்.

அவர் போனிலிருந்ததை அழித்துவிட்டு மணல்தொட்டியைத் திறந்தார். புதியவர்கள் பயமில்லாமல் எழுதிப் பார்க்க விக்கிப்பீடியா வைத்திருக்கும் பக்கம் அது. நூலகம் தளத்தில் கிடைத்த ஒரு பழைய மலரையும், தேறிய அந்த ஒரு நூலையும் வைத்து மூன்று ஞாயிறு உட்கார்ந்து ஏழு வாக்கியம் எழுதினார். எதுவும் திகழவில்லை. கண்ணகி அம்மனின் வைகாசிக் குளிர்த்திச் சடங்கு பற்றி அவருடைய அம்மம்மா சொன்ன ஒரு விவரத்தை எட்டாவதாகச் சேர்த்தார். அச்சில் எங்கும் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவரே அதை எடுத்தார்.

"ஏஐ சொன்னதுக்கும் சீட்டு இல்ல, அம்மம்மா சொன்னதுக்கும் சீட்டு இல்ல. ரெண்டும் ஒண்டா சேர்?" என்று கேட்டார்.

ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். விக்கிப்பீடியாவின் விதியில் அதை எங்கே எழுதுவது என்றுதான் தெரியவில்லை. முதலில் அம்மம்மாவிடம் கேட்டு எல்லாவற்றையும் பதிவுசெய்து வை, மறுகா பார்ப்போம் என்றேன்.